அவளுக்குப் போட்ட அதே ஊசி

கை ஒடிந்து கிடக்கும் ஒருத்தியைப் பார்த்து, 'அந்தக் கை எனக்கு ஒடிந்திருக்கக் கூடாதா' என்று நீங்கள் என்றைக்காவது ஏங்கியிருக்கிறீர்களா? நான் ஏங்கியிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழுசாக ஐந்து மாதம். ஆஸ்பத்திரியில் பட்டதை எழுதுங்கள், நாலு பேருக்கு உதவும் என்று எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா சொன்னார். நல்லவள் வேஷம் கட்டி எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம் என்று நினைத்தேன். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கை ஒடிந்தவள் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. பெயர் ஈஸ்வரி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். சுருளிப்பட்டியில் எங்களுக்கு ஒட்டினாற்போல இரண்டு வீடு, பொதுவில் ஒரு திராட்சைத் தோட்டம், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொஞ்சம் ஏலத்தோட்டம். தோட்டத்து வேலையை அக்கா பார்ப்பாள். நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பேன். அவளுக்கு இரண்டும் பையன்கள், வெளியூரில் தங்கிப் படித்தார்கள். எனக்கு ஒரே பெண், நிவேதா. அப்போது அவளுக்கு எட்டு வயது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அக்கா மேல் எனக்கு ஒரு பொருமல் உண்டு. அதே புளி, அதே மிளகாய், ஆனாலும் அவள் வைத்த குழம்புதான் தெரு முழுக்க மணக்கும். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள், ஆனால் தோட்டத்துக்கு வரும் வியாபாரி அவளிடம்தான் பேச்சு வைப்பான். நான் படித்தவள் என்பதைச் சொல்லிச் சொல்லி ஆறுதல் பட்டுக்கொள்வேன். வீட்டில் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

2009 ஐப்பசியில் நடந்தது. ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் கூடப் போனேன். கூலியாட்களோடு ஜீப்பில் கம்பம்மெட்டு மலை ஏறினோம். அக்கா முன்னால் டிரைவர் பக்கத்தில், நான் பின்னால் ஓரத்தில். மலை ஏறினால் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். பாதி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். அக்கா இறங்கி வந்து முதுகைத் தடவிவிட்டாள்.

"நீ முன்னாடி போய் உக்காருத்தா. காத்து மூஞ்சில அடிச்சா சரியாப் போகும். நான் பின்னாடி இருந்துக்கிறேன்."

மூன்று வளைவுதான் தாண்டியிருப்போம். மூடுபனிக்குள்ளிருந்து லாரி ஒன்று இறங்கி வந்தது. ஜீப் ஒதுங்கியது, ஓரத்து மண் சரிந்தது, வண்டி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. பெரிய பள்ளம் இல்லை, சாமி புண்ணியம். கூலியாட்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்காவின் வலது கை மட்டும் பின்பக்கக் கம்பிக்கும் பாறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கடப்பாரையோடு ஆள் வந்து வண்டியைத் தூக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணியும் அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். நான் மயங்கிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு எலும்பைச் சேர்த்துத் தகடு வைத்தார்கள். மூன்று வாரம் படுக்கை. பார்க்க வந்த கூட்டத்தைச் சொல்லி மாளாது. ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, ரொட்டி என்று கட்டிலுக்கு அடியில் ஒரு கடையே வைக்கலாம் போல இருந்தது. வந்தவர்கள் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு என் பக்கம் திரும்பி ஒரே வசனம்: "நீயாச்சும் தப்பிச்சியே ஆத்தா, குலசாமி காப்பாத்துச்சு." அதோடு நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அவர்களுக்குக் காப்பி வாங்கப் போய்விட வேண்டும்.

எனக்குத் தூக்கம் போனது அங்கேதான். கண்ணை மூடினால் வண்டி சாயும். பகலில் தெருவில் ஜீப் கியர் மாற்றும் சத்தம் கேட்டாலே கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். சோறு சக்கையாக இருந்தது. கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதிவிட்டு மீதி என்ன என்று தெரியாமல் நின்றேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை, பயந்துவிட்டார்கள். சம்பளமில்லா லீவு போட்டேன். குளிக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். கிணற்றுப் பக்கம் போனால் என் வீட்டுக்காரர் ஏதாவது சாக்கு வைத்துப் பின்னாலேயே வருவார். எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.

எல்லாவற்றையும்விட மோசம், என் பிள்ளை மேல் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அவள் பேசுவாள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிடச் சொல்லிச் சீப்போடு வந்து நிற்பாள். என் கை எழும்பாது. நாலு நாள் பார்த்தாள், ஐந்தாம் நாள் சீப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அக்காவுக்கு வலது கை விரல்கள் மடங்காது. ஒற்றைக் கையால் பின்னல் போட முடியுமா? முடிந்தது. மூன்று கால் பிரித்து, ஒன்றை நிவேதாவிடமே கொடுத்துவிடுவாள். அவள் தோளுக்குப் பின்னால் கையை வளைத்து அதைப் பிடித்துக்கொள்வாள். மற்ற இரண்டையும் அக்கா இடது கை விரல்களுக்குள் மாற்றி மாற்றிக் கோத்து, "ம், இப்ப குடு" என்பாள். என் மகள் முடியை நீட்டுவாள். "ம், இப்ப வாங்கிக்க." இரண்டு பேரும் சிரிப்பார்கள். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். என் மகள் அதை அவிழ்க்க விடமாட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காலத்தில் என் உடம்பில் உயிரோடு இருந்தது அந்த எரிச்சல் ஒன்றுதான். இரண்டு கையும் நன்றாக இருக்கிற நான் சன்னலுக்கு இந்தப் பக்கம். ஒரு கை இல்லாதவளிடம் என் பிள்ளை.

தேனிக்கு வாரத்தில் மூன்று நாள் மதுரையிலிருந்து மனநல மருத்துவர் ஒருவர் வருவார், ஒரு அம்மா. என் வீட்டுக்காரர் அவரிடம் கூட்டிப்போனார். காத்திருக்கும் பெஞ்சில் எங்கள் ஊர்க்காரர் எவராவது கண்ணில் பட்டுவிடுவாரோ என்று அவர் தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டார். எதிர் பெஞ்சில் இருந்தவரும் அதேபோலத் துண்டைப் போட்டிருந்தார். துண்டை எடுத்தால் போடியில் எங்களுக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர். இருவரும் ஏதோ களவு செய்து பிடிபட்டவர்கள்போல வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

டாக்டரம்மா இரண்டு பெயர் சொன்னார். ஒன்று மனச்சோர்வு. கவலையும் சோம்பலும் இல்லை அது, மூளையில் ஆசையும் தெம்பும் ஊறுகிற இடம் அடைபட்டுப்போவது. இன்னொன்று அதிர்ச்சியின் பின்விளைவு. "நடந்தது முடிந்துவிட்டது என்று உங்கள் அறிவுக்குத் தெரியும். உடம்புக்கு இன்னும் தெரியாது. அது இன்னும் அந்த ஜீப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது" என்றார். இரண்டு வகை மாத்திரை, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மாதத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார். வாய் உலர்ந்தது, உடம்பு போட்டது, மனம் இருந்த இடத்திலேயே இருந்தது. மாசியில், பத்து நாள் படுக்கையில் சேருங்கள், ஒன்று முயன்று பார்க்கலாம் என்றார்.

அந்த ஒன்றுதான் கெட்டமின்.

அது புது மருந்து இல்லை. சின்ன அறுவைகளுக்கு வெகுகாலமாகப் போடும் மயக்க ஊசி. அதையே மிகக் குறைந்த அளவில், சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினால் மாத்திரைக்கு அசையாத மனச்சோர்வு சிலருக்கு அசைகிறது என்று வெளிநாட்டில் கண்டிருக்கிறார்களாம். டாக்டரம்மா எதையும் மூடி மறைக்கவில்லை. "இது இந்த நோய்க்கென்று வந்த மருந்து இல்லை. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. கேட்டாலும் சில நாளில் இறங்கிப்போகலாம். ரத்த அழுத்தம் ஏறலாம், கண் இரண்டிரண்டாகத் தெரியலாம், குமட்டலாம். மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே இருப்பார். ஊசி மட்டும் போதாது, அந்தச் சமயத்தில் என்னோடு நீங்கள் பேசவும் வேண்டும். சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள்." என் வீட்டுக்காரர் தாளை இரண்டு தடவை படித்தார். நான் படிக்காமலே போட்டேன்.

பெண் வார்டு, கூட ஒரு பெண் இருக்க வேண்டும். என் அம்மா காலமாகி வெகுநாள் ஆயிற்று. மாமியாருக்கு முட்டு வலி. யார் வந்து நின்றது என்று நான் சொல்லவும் வேண்டுமா? தோளில் பையை மாட்டிக்கொண்டு, ஒற்றைக் கையை மடக்கிக்கொண்டு அக்கா.

"வேற ஆளே கிடைக்கலையாங்க?" என்று அவரிடம் கிசுகிசுத்தேன்.

"மதினிதான் நான் போறேன்னு நின்னாக. நான் என்ன செய்ய?" என்றார்.

அதே ஆஸ்பத்திரி. அவள் படுத்திருந்த அதே மாடி. நர்சுகள் எல்லோரும் "ஈஸ்வரி அக்கா, எப்ப வந்தீக?" என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். குமுளிப் பக்கத்து மலையாள நர்ஸ் ஒருத்தி 'சேச்சி' என்று கட்டிப்பிடித்தே விட்டாள். நோயாளி நான் என்பதை நானேதான் சொல்ல வேண்டியிருந்தது. மயக்க மருந்து டாக்டர் பரிசோதிக்க வந்தார். அவரும் என்னைத் தாண்டி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதானே, திராட்சைப் பந்தல் தலைகீழாத் தொங்குதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சது?"

"ஆமா டாக்டரு. நீங்க போட்ட ஊசி அப்படி. கை ஒடிஞ்சதே மறந்துபோச்சு."

"அதே ஊசிதான் இவங்களுக்கும். அளவுதான் கம்மி."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் மருந்துகூட அவள் உடுத்திக் கழித்த சேலையா? அளவும் கம்மியாம்!

முதல் தடவை செவ்வாய்க்கிழமை. முந்தின ராத்திரிச் சாப்பாட்டோடு சரி, காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும், அதுதான் காரணம். நல்ல விளக்கு இல்லாத சின்ன அறை. ஒரு கையில் ஊசி, ஒரு கையில் அழுத்தம் பார்க்கும் பட்டை, விரலில் கவ்வி. நாற்பது நிமிடம். முதலில் உதடு மரத்தது. பிறகு கால் எங்கேயோ இருந்தது. மின்விசிறி மெதுவாகி, அதன் ஒவ்வொரு இறக்கையும் தனித்தனியாக வந்து போயிற்று. நான் தூங்கவில்லை. டாக்டரம்மா குரல் அடுத்த தோட்டத்திலிருந்து வருவதுபோலக் கேட்டது. நானும் பந்தலைத் தேடினேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல. பந்தல் வரவில்லை. எதுவுமே வரவில்லை. முடிந்ததும் வாந்தி மட்டும் வந்தது.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்குப் பசித்தது. பசி என்றால் என்ன என்று மறந்துபோன ஒருத்திக்குப் பசிக்கும்போது அழுகை வரும், தெரியுமா? இரண்டு இட்லி கேட்டு வாங்கித் தின்றேன். தின்றுகொண்டே பார்த்தேன். அக்காவின் ஜாக்கெட்டில் மேல் கொக்கி மாட்டாமல் கிடந்தது. ஒற்றைக் கையால் அவளுக்கு அதை மாட்ட வராது. ஐந்து மாதமாக அப்படித்தான் கிடந்திருக்கும், அன்றுதான் என் கண்ணில் பட்டது. மாட்டிவிடலாம் என்று தோன்றியது. மாட்டிவிடவில்லை. அவள் ஜன்னலோரமாக நின்று போனில் என் மகளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் நன்றாக இருந்தேன். வியாழக்கிழமை பழையபடி இறங்கிவிட்டது. இல்லாமலே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கொடுத்துவிட்டுப் பிடுங்கியதுதான் தாங்கவில்லை. இரண்டாவது தடவைக்கு வெள்ளிக்கிழமை குறித்திருந்தார்கள். அக்கா மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று வியாழன் விடிகாலையில் ஊருக்குப் போனவள், வெள்ளி முதல் பஸ்ஸில் திரும்பி வந்தாள். மாற்றுத்துணியைக் காணவில்லை. முந்தானை முடிச்சில் ஒரு காகிதப் பொட்டலம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எந்த இடத்தில் பயந்தாரோ அந்த இடத்து மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துவந்து, திருநீறு சேர்த்துத் தண்ணீரில் கலக்கி மூன்று மடக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். மண் எடுக்கப் போகிறவர் வழியில் யாரோடும் பேசக் கூடாது. அங்கே விட்டுவந்த உயிர் மண்ணோடு திரும்பி வந்துவிடும் என்று நம்பிக்கை. அக்கா டம்ளரில் கலக்கி நீட்டினாள்.

"மூணே மடக்கு. வாயத் தொற."

"தண்ணி குடிக்கக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னாகள்ல?"

"தண்ணிதானத்தா குடிக்கக் கூடாது? இது துன்னூறு."

எனக்கு விதி தெரியும். காரணமும் தெரியும். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி அவளுக்குச் சொல்லியிருக்கலாம். டம்ளரைத் தட்டிவிட்டிருக்கலாம். நான் வாங்கி, மூன்று மடக்கையும் குடித்தேன். ஏன் தெரியுமா? இவள் ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, எல்லார் முன்னாலும் திட்டு வாங்கட்டும் என்றுதான்.

எட்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் வந்து, "எதுவும் சாப்பிடலையே?" என்று கேட்டார்.

"அக்கா மண்ணுத் தண்ணி குடுத்துச்சு டாக்டர். குடிச்சேன்" என்றேன், பச்சைப் பிள்ளை மாதிரி.

நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கிடைத்தது. அந்த அமைதியான மனிதர் வார்டு அதிரக் கத்தினார். "உயிர் போனா யாரும்மா பதில் சொல்றது? படிச்சுப் படிச்சுச் சொன்னோமே!" இன்று ஊசி கிடையாது, நாளைக்குத்தான் என்று போய்விட்டார். நர்சுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சேச்சி என்று கட்டிப்பிடித்தவளும்தான். அக்கா சுவரில் சாய்ந்து நின்று, இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் போர்வைக்குள் இருந்தேன். ஐந்து மாதத்தில் எனக்கு வந்த முதல் சந்தோஷம் அது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் நிஜம்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார். நடந்ததைக் கேட்டதும் அக்காவைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த மண்ணு எப்படி வந்துச்சு தெரியுமா செல்வி?"

"எவனாச்சும் ஜீப்புக்காரன்கிட்டச் சொல்லிவிட்டிருப்பாக."

"மதினியே போயிருக்காக. மலை பஸ்ஸுல ஏற அவுகளுக்குக் கை கால் ஓடல. அடிவாரத்துல இருந்து நடந்தே ஏறியிருக்காக, ஆறேழு கிலோமீட்டர். செக்போஸ்ட்டுல நமக்குத் தெரிஞ்சவுக எனக்குப் போன் போட்டாக. ஒத்தக் கைய மடக்கிக்கிட்டு ஒரு பொம்பள தனியா ஏறுறாக, கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறாகன்னு. நான் போய்ப் பாக்கையில அந்த வளைவுலதான் உக்காந்திருந்தாக. எந்திரிக்க முடியல. நான் பேசியும் பேசல, வீடு வந்து சேர்ற வரைக்கும்."

இதைக் கேட்டதும் என் மனம் உருகியது என்று எழுதத்தான் ஆசை. உருகவில்லை. முதலில் வந்தது பழைய எரிச்சலேதான். அந்த வளைவுக்குப் போக அவளுக்குத் தைரியம் இருக்கிறது. கை போன இடம் அது, அவளால் முடிகிறது. எனக்கு ஒரு கீறல்கூட விழாத இடம், என்னால் அதை நினைக்கக்கூட முடியவில்லை. அப்புறம்தான் வெட்கம் வந்தது. வந்த பிறகு அது போகவே இல்லை.

மறுநாள், ஊசி ஏறும்போது அக்காவும் அறைக்குள் இருக்கட்டும் என்று கேட்டேன். டாக்டரம்மா சரி என்றார். மயக்க மருந்து டாக்டர் மட்டும் அவள் கை காலிதானா என்று பார்த்துக்கொண்டார்.

உதடு மரத்தது, கால் போனது. இந்தத் தடவை வளைவு வந்தது. நான் மேலே எங்கேயோ இருந்து பார்க்கிறேன். மூடுபனி. சாய்ந்து கிடக்கும் ஜீப். கீழே ரோட்டோரக் கல்லில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், நான்தான். பயம் இருந்தது, ஆனால் அது என் நெஞ்சுக்குள் இல்லாமல் எதிரே ஒரு பொருள்போல இருந்தது. தொட்டுப் பார்க்கலாம்போல. 'செல்வி, இங்கன வா, என் கையப் புடிச்சுக்க' என்று கூப்பிடுகிறது குரல். கல்லில் இருப்பவள் எழுந்திருக்கவில்லை.

"என்ன தெரிகிறது?" என்றார் டாக்டரம்மா, அடுத்த தோட்டத்திலிருந்து.

நாக்கு குழறியது. ஆனால் சொன்னேன். "நான் மயங்கலை. அக்கா, நான் மயங்கவே இல்லை. முழிச்சுத்தான் இருந்தேன். நீ கூப்பிட்டது பூராக் கேட்டுச்சு. பத்தடி தூரம். நான் வரலை."

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று தெரியாது. சொட்டு நின்று, மின்விசிறி தன் வேகத்துக்கு வந்தபோது அக்கா என் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும்த்தா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ மயங்கலன்னு. உன்னையப் பாத்துக்கிட்டேதான கூப்பிட்டேன்? கல்லு மேல உக்காந்து முந்தானைய ரெண்டு கையாலயும் முறுக்கிக்கிட்டு இருந்த. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு."

"ஏன்க்கா யார்ட்டயும் சொல்லல?"

"சொல்லி? உன்னையப் பிடிச்சு நாலு பேரு கேக்கவா?"

அடப் பாவமே, இதிலும் இவளே ஜெயித்துவிட்டாளே என்று எனக்குத் தோன்றியது. அந்த நிலையிலும் தோன்றியது. "என் மேல உனக்குக் கோபமே வரலியா?" என்றேன், கொஞ்சம் ஆத்திரத்தோடேயே.

அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தாள். பிறகு மடங்காத தன் விரல்களைப் பார்த்தாள்.

"வராம? ராப்பகலா வந்துச்சு. வாந்தி எடுத்தவளுக்கு எடத்தக் குடுத்து என் கை போச்சு, கூப்பிட்டா வரக்கூட இல்லையேன்னு. வாயத் தொறந்து கேக்க மனசு வரல. உன் மக சீப்ப எடுத்துக்கிட்டு வந்து நின்னாள்ல, அன்னைக்கு நினைச்சேன், இருடி, உன் புள்ளைய எங்கிட்ட இழுத்துக்கிறேன்னு. சன்னல்ல நீ பாக்குறது தெரியும். தெரிஞ்சுதான் சத்தமாச் சிரிச்சேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். குமட்டலோடு, கண் இரண்டிரண்டாகத் தெரிய, ஊசி குத்திய கையோடு சிரித்தேன். ஐந்து மாதமாக என் வயிறு எரிந்தது பொய்க்கு இல்லை! அவள் தெய்வமும் இல்லை, தியாகியும் இல்லை, என்னை மாதிரியே ஒருத்தி. அந்த ஒரு பேச்சு எனக்குக் கொடுத்த நிம்மதியை எந்தச் சொட்டு மருந்தும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சொட்டு ஏறாமல் அந்தப் பேச்சும் வந்திருக்காது. இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்று மட்டும் சொன்னார். ஆபத்தில் சிலர் ஓடுவார்கள், சிலர் எதிர்ப்பார்கள், சிலருக்கு உடம்பு அப்படியே உறைந்துவிடும். அது ஆளின் குணம் இல்லை, உடம்பின் வேலை. அதை அவர் எனக்குப் பல தடவை சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் நான் முழுக்க நம்பவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவின் ஜாக்கெட் கொக்கியை மாட்டிவிட்டேன். "கை சில்லுன்னு இருக்கு, எடுடி" என்றாள்.

மூன்றாவது ஊசியும் போட்டுக்கொண்டேன். பில்லுக்கு என் வீட்டுக்காரர் திராட்சை வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார், எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை. நோய் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஊருக்கு வந்த பிறகும் ஒரு தடவை இறங்கியது, இன்னொரு ஊசி வேண்டியிருந்தது. மாத்திரை தொடர்கிறது. ஜீப் சத்தத்துக்கு இன்னும் திரும்பிப் பார்க்கிறேன், ஆனால் கையில் இருப்பது கீழே விழுவதில்லை. ஆனியில் பள்ளிக்கூடம் திறந்ததும் வேலைக்குப் போனேன். கரும்பலகையில் முழு வாக்கியம் எழுதினேன்.

நிவேதா மட்டும் சீப்போடு பக்கத்து வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட எனக்கு உரிமை இல்லாததுபோல இருந்தது. வா என்று கூப்பிட்டு, அவள் 'பெரிம்மாகிட்டயே போறேன்' என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் வாயைத் திறக்காமல், தினமும் காலையில் சன்னலுக்கு வருவேன். எரியும். ஆனால் இப்போது அக்கா சத்தமாகச் சிரிப்பதில்லை.

ஒரு நாள் காலையில் அவள் குரல் கேட்டது.

"இன்னைக்குப் பெரிம்மாவுக்குக் கை வலிக்குது ஆத்தா. உங்கம்மாகிட்டப் போ."

எந்தக் கை வலிக்கிறது என்று நான் கேட்கவில்லை. பின்னல் போடுவது இடது கை, அதற்கு ஒரு கேடும் இல்லை.

நிவேதா வாசலில் வந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எண்ணெய் வைத்தேன். சிக்கெடுத்தேன். மூன்று கால் பிரித்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் கையை வளைத்து, ஒரு காலை எடுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

விடு பாப்பா, அம்மாவுக்கு ரெண்டு கையும் இருக்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. அது அக்கா சொல்லிக்கொடுத்த பழக்கம். ஒரு நொடி சுரீர் என்றது.

என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ம், இப்ப குடு," என்றேன்.